நகல் ஏட்டில் பன்னிரண்டு வரி

ஆனி 6

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான், உன் அத்தான், வாலு மூவரும் சுகம். உனக்கு வயிற்று வலி விட்டதா? நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவன் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். குருபீடத்து நகல் அறையில் உன்னைப் போல எழுத்து யாருக்கும் இல்லை என்று கரி வண்டிக்காரர் வந்து சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இங்கே போன வாரம் ஒன்று நடந்தது. சூளைக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் தீப்பிடித்துக்கொண்டது. சூளைத் தீயை இருபது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர் உன் அத்தான். அன்றைக்கு அவருக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘தண்ணி, தண்ணி’ என்று கத்திக்கொண்டு வெறும் வாளியோடு ஓடினார். புருவம் இரண்டும் பொசுங்கி இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. போருக்கு நேர் எதிரே வாலு நின்றுகொண்டிருந்தாள். நான் அலறினேன். அவள் திரும்பக்கூட இல்லை. ஒரு மூச்சு இழுத்தாள், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு எழுந்து நின்ற தீ அப்படியே படுத்துவிட்டது. புகைகூட மிச்சமில்லை.

“என்னடி பண்ணின?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணலம்மா. போதும்னு நெனச்சேன்.”

ஒன்பது வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது? அன்றிலிருந்து அடுப்படியில் அவள் வந்து நின்றாலே உலை கொதிக்க மாட்டேன் என்கிறது. சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நீ பெரிய இடத்தில் இருக்கிறவன். இது நல்லதா கெட்டதா என்று யோசித்து எழுது. யாரிடமும் மூச்சு விடாதே.

பீடத்தின் தபால் பையில் போட்டால் ஆறு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். அதில்தான் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஆனி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், குழந்தை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. வேலை அதிகம்.

இதைக் கரி வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பீடத்துக் கணப்புக்குக் கரி கொண்டுவருகிற மனிதர், ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். நீயும் இனி அவர் கையிலேயே கொடு. தபால் பையில் எதுவும் போடாதே.

நீ எழுதிய விஷயத்தை யார் யார் பார்த்தார்கள்? அதை மட்டும் எழுது. குழந்தையை அடுப்படிக்கும் சூளைக்கும் விடாதே.

இங்கே சட்டம் என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். தீ, காற்று, நீர் மூன்றும் குருபீடத்துக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும். வேறு யாருக்காவது கட்டுப்பட்டால் அதன் பெயர் அருள் திருட்டு. தீர்ப்பு நாளில் தலைமைக் குரு மண்டபத்துக் கணப்பில் முதலில் தன் கையை வைப்பார். மணியை மூன்று தடவை அடிக்கும்வரை எடுக்க மாட்டார். ஒரு கொப்புளம் வராது. அடுத்து குற்றவாளி கையை வைப்பான். அவனுக்கு வெந்துபோகும். நானே முப்பது நாற்பது முறை பார்த்து, மெய்சிலிர்த்துக் கும்பிட்டிருக்கிறேன்.

குழந்தையை வெளியே விளையாட அனுப்பாதே. இதை எரித்துவிடு.

தம்பி

*

ஆடி 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. எப்போதும் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதுகிறவன் இப்படி எண்ணி எண்ணி எழுதினால் நான் என்ன நினைக்க?

பார்த்தது நாங்கள் இரண்டு பேரும், மண் குழைக்கிற இரண்டு ஆட்களும்தான். அவர்களிடம் உன் அத்தான் காற்று திசை மாறியது என்று சொல்லிவிட்டார். அவர்களும் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. அதில் ஒருவன் இப்போதெல்லாம் வாலுவைப் பார்த்தால் விலகி நடக்கிறான்.

உன் கடிதத்தை எரிக்கச் சொன்னாய். அடுப்பில் போட்டால் இவள் பின்னால் வந்து நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறாள். எரிந்தால்தானே! கடைசியில் துண்டு துண்டாகக் கிழித்துச் செங்கல் மண்ணில் போட்டு மிதித்தேன். ஏதோ ஒரு வீட்டுச் சுவருக்குள் உன் எழுத்து இருக்கப்போகிறது.

“மாமா ஏம்மா என்னைப் பத்திக் கேக்கவே இல்ல?” என்கிறாள். என்ன சொல்ல? என்னிடம் மறைக்காதே. இந்த மாதிரிக் குழந்தைகளை அவர்கள் என்ன செய்வார்கள்? நான் அனுப்பிய கடிதம் எங்கே? அதை என்ன செய்தாய்?

அக்கா

*

ஆவணி 3

அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீ மூன்று கேள்வி கேட்டாய். இரண்டு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை நான் நகல் எடுத்துவிட்டேன்.

தபால் பையில் வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் பீடத்தின் நகல் ஏட்டில் எழுத வேண்டும். எங்களுக்கு வருகிற சொந்தக் கடிதத்தை முதலிலேயே எடுத்து ஒதுக்கிக்கொள்ளலாம். அன்று என் மேஜையில் நாற்பது கடிதம். உன்னுடையது நடுவில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை, அக்கா. கண் பார்க்கும், கை எழுதும், நான் வேறெங்கோ இருப்பேன். ‘யாரிடமும் மூச்சு விடாதே’ என்ற வரியையும் அழகாக எழுதிப் புள்ளி வைத்த பிறகுதான் அது உன் குரல் என்று உறைத்தது. வைக்கோல் போரும் குழந்தையும் பன்னிரண்டு வரி. ஏட்டில் பக்க எண் போட்டு முத்திரை வைத்திருக்கிறார்கள். கிழிக்க முடியாது. அரை ஆண்டுக்கு ஒருமுறை மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது இந்த மாதக் கடைசியில்.

இந்த மாதிரிக் குழந்தைகளை என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். பண்டகசாலைச் சீட்டுகளையும் நான்தான் நகல் எடுக்கிறேன். இங்கே இருநூறு ஆண்கள் இருக்கிறோம். பெண்கள் இல்லை, குழந்தைகள் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டு வரும்: ‘மண்டபத் திரைக்குப் பின்புறத்துக்கு, சின்னச் செருப்பு ஒரு ஜோடி.’ கூடவே அளவு. வருஷா வருஷம் அளவு கொஞ்சம் பெரிதாகும். பிறகு ஒரு வருஷம் திடீரென்று மறுபடியும் சின்னதாகிவிடும். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. என் கையாலேயே எழுதினேன், ஒரு நாள்கூட யோசித்ததில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு பழைய ஏடுகளைப் புரட்டினேன். தலைமைக் குருவின் கை ஏன் வேகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. திரைக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை மணிச் சத்தம் கேட்டு மூச்சு இழுக்கிறது.

வளர்ந்த பிறகு அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. இந்த வருஷம் செருப்புச் சீட்டே வரவில்லை. நான்கு மாதமாகத் தீர்ப்பு நாளும் இல்லை. தலைமைக் குருவுக்கு உடம்பு சரியில்லை என்கிறார்கள். அவர்களிடம் இப்போது ஆள் இல்லை, அக்கா.

ஒரு வழிதான் தெரிகிறது. நகலில் பிழை இருந்தால் மூலத்தைக் காட்டித் திருத்தலாம். நீ அந்தக் கடிதத்தை மறுபடி எழுது. அதே தேதி, அதே விசாரிப்பு, என் வயிற்று வலி எல்லாம் அப்படியே இருக்கட்டும். வைக்கோல் போர் மட்டும் அத்தான் தண்ணீர் ஊற்றி அணைத்ததாக இருக்கட்டும். உடனே அனுப்பு.

என்னைத் திட்டு. திட்டினால் கொஞ்சம் தேவலை என்று இருக்கும்.

தம்பி

*

ஆவணி 15

தம்பி,

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. எழுதும்போது இரண்டு தடவை இன்றைய தேதியைப் போட்டுப் பாழாக்கிவிட்டேன். இது மூன்றாவது.

திட்டச் சொன்னாய். நெஞ்சே வெந்துபோகிற மாதிரித் திட்டத்தான் உட்கார்ந்தேன். உன் எழுத்து அழகு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். தபால் பையில் போட்டவளும் நான். யாரை யார் திட்ட? உன் அத்தான் சூளையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். பிறகு வந்து, “அவன எதுவும் சொல்லாத. பாவம், தனியா கெடக்கறான்” என்றார்.

செருப்பைப் பற்றி நீ எழுதியதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. வாலு தூங்கும்போது அவள் காலை என் கையால் அளந்து பார்த்தேன். ஏன் அளந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

*

புரட்டாசி 4

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. கரி வண்டி கிளம்பப்போகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்குக் கழுகு என்றுதான் இங்கே பெயர். நீ எழுதியதை அவரிடம் கொடுத்தேன். எதிலும் குறை சொல்ல முடியவில்லை. காகிதம் சரி, மை சரி, கையெழுத்து உன்னுடையது. ஏட்டின் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, பன்னெண்டு வருஷமா ஒரு புள்ளி விட்டதில்ல, ஒரு கொம்பு விட்டதில்ல. ஒன் ஏட்ட காட்டித்தான் மத்தவங்கள நான் திட்டுவேன். நீ எப்படிப்பா பன்னெண்டு வரி தப்பா எழுதின?”

வேறு எந்த எழுத்தராக இருந்தாலும் தப்பித்திருப்பார். வேறு வழியில்லாமல், “நானே கற்பனை செய்து எழுதினேன். வேலை சலித்துப்போய் விளையாட்டாக எழுதிவிட்டேன்” என்றேன். பீடத்து ஏட்டில் பொய் எழுதியது குற்றம். ஐப்பசி இருபதாம் தேதி எனக்குத் தீர்ப்பு. அதுவரை என் அறையிலேயே இருக்க வேண்டும். சாப்பாடு வருகிறது. சமையற்காரர் மூலமாக இந்தக் கடிதம் வண்டிக்குப் போகும்.

நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நேற்று இரண்டு குருமார் உன் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பல்லக்கில் வருகிறார்கள், அதனால் வண்டி முந்திவிடும். அவர்கள் குழந்தையின் கையை விளக்கில் காட்டச் சொல்வார்கள். தீ சுட்டால் சாதாரணப் பெண். சுடாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவளுக்குச் சுட வேண்டும், அக்கா. அவளைப் பழக்கு. இதை எழுதுகிறேனே, என்னைப் போல ஒரு மாமன் உலகத்தில் உண்டா?

தம்பி

*

புரட்டாசி 22

தம்பி,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாயோ தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை ஏற்றினேன். அவள் விரலைப் பிடித்துச் சுடரில் வைத்தேன். சுடர் படுத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி படுத்தது. “நெனைக்காதடி, போதும்னு நெனைக்காத” என்றேன். “நான் நெனைக்கலம்மா, சுடுதுன்னு தெரிஞ்சதும் அதுவே படுத்துக்குது” என்று அழுதாள். முதல் நாள் பதினாலு தடவை. உன் அத்தான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பெற்ற பிள்ளைக்குச் சூடு படவில்லையே என்று நான் கோபப்பட்டேன். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

நான்காம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, உள்ளே இழுக்காமல் இருந்தால் தீ அவள் பேச்சைக் கேட்பதில்லை. விரல் நுனியில் கொப்புளம் வந்தது. “அம்மா, வந்துடுச்சு பாரேன்!” என்று ஓடி வந்து காட்டினாள். நானும் கைதட்டினேன்.

குருமார் முந்தாநாள் வந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். ஒருவர் அவளுக்கு இனிப்புக் கொடுத்து, “பயப்படாத கண்ணு, சாமிகிட்ட கைய காட்டு” என்றார். விளக்கில் வைத்தார்கள். அவள் மூச்சை விட்டுவிட்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வெந்தது, தம்பி. விரல் மட்டுமில்லை, உள்ளங்கை வரைக்கும். அவர்கள் எடுக்கச் சொல்லவே இல்லை. கடைசியில் நான்தான் பிடுங்கினேன். பிறகுதான் அவள் மூச்சு இழுத்துக் கத்தினாள். கத்தின அந்த நொடியில் மேஜை மேல் இருந்த விளக்கு அணைந்துபோனது. காற்று என்றேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கை ஆறட்டும், பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டுப் போறோம்” என்றார் பெரியவர். ஒருவர் செய்தி சொல்லக் கிளம்பிவிட்டார். இன்னொருவர் தெருக்கோடிச் சத்திரத்தில் இருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சூளை தெரியும்.

உன் அத்தான் நேற்றுச் சூளையை மூட்டினார். ஒருமுறை மூட்டினால் பத்து நாள் விறகு போட்டு எரிக்க வேண்டும். எரிகிற சூளையை விட்டுச் சூளைக்காரன் ஊர் தாண்ட மாட்டான் என்று சத்திரத்துக்காரர் குருவிடம் சொன்னாராம். குருவுக்கு நிம்மதி.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை. உன் கையைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

புரட்டாசி 24
(பீடத்துத் தபால் பை வழியாக)

மகா கனம் பொருந்திய குருபீடத்து நகல் அறையில் இருக்கும் என் தம்பிக்கு ஆசிகள்.

அருளால் நாங்கள் அனைவரும் பரம சுகம். குருமார் எங்கள் வீட்டுக்கு எழுந்தருளியது நாங்கள் செய்த புண்ணியம். எங்கள் மகளைப் பீடத்துப் பணிக்கு அனுப்பி வைக்க நானும் என் கணவரும் மனமார ஒப்புக்கொண்டுவிட்டோம். அவளும் மகிழ்ச்சியாக இருக்கிறாள். சூளை எரிந்து முடிந்ததும் புறப்படுவாள். நீ செய்த தவறுக்குப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் தமக்கை

*

கார்த்திகை 2

அக்கா,

எழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று பயந்துவிடாதே. நான்தான். இடது கையால் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு பகல் போய்விடுகிறது.

தபால் பையில் நீ எழுதியதைக் கழுகு என் அறைக்கு வந்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் நம்பிவிட்டேன். அக்கா பயந்து போய்க் கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். உன் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. நடைபாதையில் சின்னச் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் கேட்ட மாதிரியும் இருந்தது.

இருபதாம் தேதி காலையில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மண்டபம் நிறையச் சனம். கணப்பு கனன்றுகொண்டிருந்தது. எனக்குத் திரை மேல்தான் கண். அது லேசாக அசைந்தது. வாலு அங்கேதான் இருக்கிறாள், மாமன் கை என்று தெரிந்தால் கட்டாயம் மூச்சு இழுப்பாள், தீ படுத்துவிடும், சனமெல்லாம் என்னைக் கும்பிடும், அவள் வளர்ந்து முடிகிறவரை அந்த இருட்டிலேயே கிடப்பாள் என்று நினைத்தேன். இரண்டு பேர் என்னைக் கணப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வழக்கப்படி தலைமைக் குரு முதலில் கை வைக்க வேண்டும். அவர் கையை அங்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, “முதலில் அவன்” என்றார். சனத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து உடனே அடங்கியது. மணி அடித்தது. என் கையை இழுத்து உள்ளே வைத்தார்கள்.

சுட்டது, அக்கா. முதல் மணியிலேயே தோல் சுருண்டது. இரண்டாம் மணிக்கும் சுட்டது. திரைக்குப் பின்னால் யாரும் இல்லை! யாருமே இல்லை! நான் கத்தினேன். வலியில் கத்துகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். வலியும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மணியும் அடித்து முடிவதற்குள் இருந்தது போல, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு இருந்ததே இல்லை.

பிறகு எல்லாரும் தலைமைக் குருவின் கைக்காகக் காத்திருந்தார்கள். அவர் எழுந்து, “இன்று தீ பேச வேண்டியதைப் பேசிவிட்டது” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கலைந்து போகும்போது அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகும் சத்திரத்துக் குரு நான்கு நாள் உங்கள் சூளைப் புகையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாராம். ஐந்தாம் நாள் விறகு போட ஆளில்லாமல் புகை நின்ற பிறகுதான் வந்து பார்த்தாராம். வெந்ததும் வேகாததுமாகச் செங்கல், வீட்டில் ஒரு ஆள் இல்லை. சமையற்காரர் சொல்லிச் சிரித்தார். இங்கே நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

இப்போது பத்துப் பேரைத் தேட அனுப்பியிருக்கிறார்கள். தினமும் கழுகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே என்று கேட்கிறார். தெரியாது என்கிறேன். நிஜமாகவே தெரியாததால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கு இன்னொரு கை இருக்கிறது. கரி வண்டிக்காரர் உங்களை எங்கே இறக்கிவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்ந்தால் அது அவர் பாடு.

இதில் உன் நலத்தையோ, அத்தான் நலத்தையோ, குழந்தையின் கை ஆறியதா என்றோ நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் எழுதிவிடுவாய். எழுதாதே, அக்கா.

தம்பி